பன்னிரண்டாம் நம்பர் சட்டை

போன மாதம் எனக்கு ஓய்வு விழா நடந்தது. திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேண்டீனில், மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில். மாலை போட்ட யூனியன் செயலாளர், "இந்திய வாலிபால் அணியின் தூணாக விளங்கியவர்" என்று என்னைப் புகழ்ந்தார். நான் மறுக்கவில்லை. தூண் நின்ற இடத்தை விட்டு நகராது. நானும் அப்படித்தான் நின்றேன். ஆடுகளத்துக்கு வெளியே, பெஞ்சின் கடைசி ஓரத்தில், கையில் துண்டோடு.

விழா முடிந்ததும் இப்போது எங்கள் தொழிற்சாலை அணியில் ஆடுகிறவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இந்தியாவுக்கு ஆடிய அனுபவத்தை யூனியன் மலருக்கு எழுதித் தர வேண்டுமாம். ஒருவர் செல்போனில் இன்றைய இந்திய அணியின் படத்தைக் காட்டினார். ஆளுக்கு ஒரு பெரிய பை. பை நிறையச் சட்டை. சட்டை முதுகில் எண்ணோடு பெயரும் அச்சடித்திருக்கிறது. ஒன்று கிழிந்தால் இன்னொன்று, அது தொலைந்தால் மற்றொன்று என்று பெருமையாக விளக்கினார். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இனி எந்த இந்திய ஆட்டக்காரருக்கும் எனக்கு நேர்ந்தது நேராது. என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொருக்குப்பேட்டையில் ரயில்வே கூட்ஸ் யார்டை ஒட்டி ஒரு மைதானம். அதில் நானும் கல்மண்டபத்து அந்தோணியும் பள்ளிக்கூடம் போகாத நேரமெல்லாம் ஆடினோம். போக வேண்டிய நேரத்திலும் ஆடினோம். அந்தோணி மீனவ வீட்டுப் பையன். ராயபுரத்து மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் கடைசி வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள்; பாட்டு சுமார் என்பதால் இல்லை, பின்னால் இருப்பவர்களுக்குப் பீடம் தெரியவில்லை என்று புகார் வந்ததால். அவ்வளவு உயரம். எகிறி அடித்தால் பந்து தரையில் பட்ட இடத்தில் புழுதி எழும்பும்.

எனக்கு அந்த உயரம் கிடையாது. எனக்கு இருந்தது ஒரு சர்வீஸ். சுழலாமல் போகும் பந்து. கடல் காற்று பட்டதும் குடித்தவன் மாதிரி தள்ளாடும். எதிரே நிற்பவன் எந்தப் பக்கம் கை நீட்டுவது என்று தெரியாமல் விழிப்பான். அதில் பாதிப் பெருமை காற்றுக்குச் சேர வேண்டியது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது, கூரை போட்ட அரங்கங்களில் ஆடப் போனபோது.

எங்கள் இருவரையும் ஒரே நாளில் தொழிற்சாலை அணிக்கு எடுத்தார்கள். பிறகு மாநில அணி. பிறகு, அந்தோணி எகிறியதாலும் நான் அவன் பக்கத்தில் நின்றதாலும், இந்திய அணி. அவனுக்கு எண் நான்கு, எனக்குப் பன்னிரண்டு. அணியில் மொத்தமே பன்னிரண்டு பேர்தான்.

ஆசியாவில் அன்று எங்கள் நிலைமை என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்களுக்கு முன்னால் ஆடியவர்கள் நல்ல பெயர் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் காப்பாற்றுவது எங்கள் வேலை. கொரியாக்காரர்களிடமும் ஜப்பான்காரர்களிடமும் தோற்போம். ஆனால் மரியாதையாகத் தோற்போம். ஒரு செட்டாவது அவர்களுக்கு வியர்க்க வைத்துவிட்டுத் தோற்போம். மற்றவர்களோடு ஐந்தாவது செட் வரை இழுத்து, கடைசியில் இரண்டு பந்தில் கோட்டை விடுவது எங்களுக்கு வழக்கம். ஜப்பான்காரர்களின் ஆட்டத்தை என்னளவுக்கு நிதானமாகப் பார்த்து ரசித்த இந்திய வீரர் கிடையாது. மற்றவர்களுக்குப் பந்தைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

எங்கள் பயிற்சியாளர் ராணுவத்திலிருந்து வந்த மலையாளி. மேஜர் சார் என்போம். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஆட்டம் முழுக்க விசில் அவர் வாயில் இருக்கும், ஊத மாட்டார். நாங்கள் நன்றாக ஆடினால் விசில் வாயின் இடது ஓரத்தில் இருக்கும், சொதப்பினால் வலது ஓரத்துக்குப் போகும். நிலைமை மோசமானால் விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நான்காக மடிப்பார். துண்டை மடிக்கத் தொடங்கினால் பெஞ்சில் யாரும் மூச்சு விட மாட்டோம். மாற்று ஆட்டக்காரரைக் கூப்பிடுவதும் வார்த்தையால் இல்லை. திரும்பிப் பார்ப்பார், ஒரு விரலை மடக்குவார். அந்த விரல் என் பக்கம் மடங்க வேண்டும் என்று பல தேசங்களில் உட்கார்ந்து வேண்டியிருக்கிறேன்.

வேண்டியதற்குக் காரணம் நாட்டுப்பற்று மட்டுமில்லை. தொழிற்சாலையில் நான் டெம்ப்ரவரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தரமாக வேண்டுமென்றால் இந்தியாவுக்கு ஆடியிருக்க வேண்டும். ஆடுவது என்றால் அணியோடு விமானம் ஏறி இறங்குவது இல்லை, களத்தில் இறங்குவது. ஸ்கோர் எழுதுகிறவர் நம் எண்ணை எழுத வேண்டும். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு பெரிய மனிதரின் மைத்துனர் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நிரந்தரமாகிவிட்டாராம். அதிலிருந்து இந்தக் கெடுபிடி. இரண்டு வருடமாகத் துண்டு நீட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சுற்றுப்பயணம்தான் கடைசி வாய்ப்பு. அடுத்த பட்டியலில் என் பெயர் இருக்காது என்று எனக்கும் தெரியும், மேஜர் சாருக்கும் தெரியும்.

இதற்கு மேல் வசந்தா. தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. எங்கள் விஷயம் அவள் அப்பாவுக்குத் தெரிந்துபோய், அவர் என்னை டீக்கடைக்கு வரச் சொன்னார். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். திட்டுவார் என்று போனேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"ஆளு நல்ல ஆளுன்னு விசாரிச்சுக்கினேன். ஆனா டெம்ப்ரவரி மாப்ளைக்கு நான் டெம்ப்ரவரியாத்தான் பொண்ணு குடுக்க முடியும். பர்மனென்ட் ஆயிட்டு வா, பேசிக்கலாம். தை வரைக்கும் பாப்பேன். அப்பால வேற எடம் வந்துகினு கீது."

ஆக, நான் வெளிநாடு கிளம்பியபோது என் கல்யாணம் மேஜர் சாரின் ஒரு விரலில் இருந்தது.

போன நாட்டின் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். அங்கே முதல் சுற்றில் எங்கள் கடைசி ஆட்டம் அந்த நாட்டு அணியோடுதான். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் விமானம். முந்தின நாள் காலை அந்தோணி மேஜர் சாரிடம் எனக்காகப் பேசினான். ஒரு சர்வீஸ், ஒரே ஒரு சர்வீஸ், அவனை இறக்கிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறான். மேஜர் சார் பதில் சொல்லவில்லையாம். விசில் எந்த ஓரத்தில் இருந்தது என்று கேட்டேன். "நடுவுல கீது மாமு" என்றான். அப்படி ஒரு நிலையை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

அன்று இரவு அந்த நாட்டு வாலிபால் சங்கத்தார் எங்களுக்கு விருந்து கொடுத்தார்கள். விருந்து கொடுத்தால் பதிலுக்கு நினைவுப் பரிசு கொடுக்க வேண்டும். எங்கள் மேனேஜர் வேதாசலம் சாரிடம் பரிசு வாங்கக் கொடுத்திருந்த பணத்தில் அதற்கு முந்தின ஊரிலேயே கைவைக்க வேண்டி வந்துவிட்டது. எங்களில் இருவருக்கு வயிற்றுக்கு ஆகாமல் மருந்து. அவர் யோசனைக்காரர். அணியின் சட்டை ஒன்றை மடித்து, ஹோட்டலில் கிடைத்த அட்டைப் பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டிச் சங்கத் தலைவரிடம் கொடுத்துவிட்டார். தலைவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. படம் எடுத்துக்கொண்டார்கள், கை தட்டினோம். நானும் நன்றாகத் தட்டினேன். யாருடைய சட்டை என்று பெட்டிக்குள் தெரியவில்லை.

மறுநாள் காலை சட்டை மாட்டப் போனபோதுதான் தெரிந்தது. எங்களுக்கு ஆளுக்கு இரண்டே சட்டை. நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று. அன்று எதிரணி வெள்ளை, நாங்கள் நீலம். என் பையில் வெள்ளை மட்டும் இருந்தது.

வேதாசலம் சாரிடம் போனேன். அவர் பதறவே இல்லை.

"உன்னோடதுதாம்பா குடுத்தேன். மத்ததெல்லாம் ஒரே வேர்வை நாத்தம், ஒரு வெளிநாட்டுக்காரர் கையில எப்படிக் குடுக்கறது? உன்னோடதுதான் கடையில வாங்கினாப்பல இருந்தது."

அந்தச் சட்டையை நான் போட்டுக்கொண்டு உட்கார மட்டும்தான் செய்தேன் என்பதை இதைவிட மென்மையாக யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கு என்னை இறக்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கிண்டல் இல்லை, உண்மையான வியப்பு இருந்தது.

"உன்னையா?" என்றார்.

பனியன் மேல் டிராக் சூட் மாட்டி, கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அரங்குக்குப் போனேன். மேஜர் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் துண்டை மடிப்பார். மேலும், என்னை இறக்கப்போவதில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் எனக்கு எந்த நிம்மதியும் தரவில்லை. இறக்காவிட்டால் வசந்தா இல்லை. இறக்கினால் சட்டை இல்லை. அரங்கு முழுக்கக் குளிரூட்டியிருந்தார்கள். எனக்கு வியர்த்தது.

வழக்கப்படி ஐந்தாவது செட்டுக்கு இழுத்தோம். அந்தக் காலத்தில் முதல் நான்கு செட்டில் சர்வீஸ் கையில் இருந்தால்தான் புள்ளி. ஐந்தாவதில் மட்டும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி. பதினைந்து எடுத்தவர்கள் ஜெயிப்பார்கள், இரண்டு வித்தியாசம் இருக்க வேண்டும். பன்னிரண்டு பதிமூன்று என்று நாங்கள் பின்தங்கியிருந்தோம். எங்கள் பக்கம் அடுத்து சர்வீஸ் போட வேண்டியவர் ஒரு பஞ்சாப்காரர். மலை மாதிரி ஆள். அன்று அவர் போட்ட சர்வீஸ்கள் கோட்டைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தன. மேஜர் சார் திரும்பினார். பெஞ்சை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். விரல் மடங்கியது. என் பக்கம்.

எழுந்து போனேன். ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினேன். பனியன்.

"ஷர்ட் எவிடே?" என்றார்.

மேல் வரிசையைக் காட்டினேன். மேடையில், பூந்தொட்டிகளுக்குப் பின்னால், சங்கத் தலைவர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை, டை, அதற்கு மேல் நீல நிறத்தில் இந்தியாவின் பன்னிரண்டாம் நம்பர். எங்கள் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். தொப்பையின் மேல் பன்னிரண்டு நன்றாக விரிந்து, தூரத்திலிருந்தே படிக்க வசதியாக இருந்தது.

மேஜர் சார் விசிலைப் பையில் போட்டார். துண்டை எடுத்தார். மடிக்கவில்லை. அதை வேதாசலம் சாரின் கையில் கொடுத்து, "போய்க் கேளுங்க" என்றார். துண்டை எதற்குக் கொடுத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நாட்டின் சார்பில் கொடுத்த பரிசை எப்படித் திருப்பிக் கேட்பது என்று வேதாசலம் சார் முனகினார். அதற்குள் அடுத்த பந்து தொடங்கிவிட்டது. எதிரணி அடித்த பந்தை எடுத்துப் போட, அந்தோணி எகிறி ஒரே அடி. பதிமூன்று பதிமூன்று. சர்வீஸ் எங்களுடையது. இப்போதே மாற்ற வேண்டும். மாற்று ஆட்டக்காரர் எல்லைக்கோட்டு ஓரத்தில், எண் தெரியும்படி சட்டையோடு தயாராக நின்றால்தான் நடுவர் விசில் ஊதி உள்ளே விடுவார். இல்லாவிட்டால் முடியாது என்று கையை ஆட்டிவிடுவார். அந்தச் செட்டில் எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு டைம் அவுட். அணியைக் கூட்டி வைத்து உத்தி பேச ஏற்பட்டது அது. மேஜர் சார் அதைக் கேட்டு வாங்கியது ஒரு சட்டை வருவதற்காக.

ஆட்டக்காரர்கள் ஓடி வந்து சுற்றி நின்றார்கள். உத்தி என்ன என்று கேட்டார்கள். எல்லோரும் மேடையைப் பார்த்தோம். அங்கே வேதாசலம் சார் கும்பிட்ட கையோடு குனிந்து குனிந்து பேசிக்கொண்டிருந்தார். தலைவர் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு யோசனை. யோசிக்காமல் எப்படி? அவருடைய சொந்த அணிக்கு எதிராக ஒரு ஆளை இறக்க அவரிடமே சட்டை கேட்கிறார்கள். முடியாது என்று சொல்லியிருந்தால் ஒரு குற்றமும் இல்லை. அந்தோணி என் காதருகே வந்தான்.

"இன்னா மாமு, அந்தாளு கயட்ட மாட்டான் போல கீது."

"கயட்டலன்னா?"

"வசந்தாவுக்கு நான் மொய் எய்திடறேன்."

தலைவர் எழுந்து நின்றார். முழு அரங்கும் பார்க்க, கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டையைக் கழற்றினார். பாதியில் தொப்பையில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்தார்கள். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். சட்டையை வேதாசலம் சாரிடம் கொடுத்து ஏதோ சொன்னார். வேதாசலம் சார் படியில் ஓடி வந்தார். அந்த வயதில் அந்த உடம்பு அப்படி ஓடியதை மறக்க முடியாது.

"ஆட்டம் முடிஞ்சதும் திருப்பித் தந்துடணுமாம்" என்றார் மூச்சு வாங்கியபடி.

மாட்டிக்கொண்டேன். நனைந்திருந்தது, சூடாக இருந்தது, நல்ல சென்ட் வாசனை அடித்தது. முன்பக்கம் ஒரு வயிறு இன்னும் உள்ளே இருப்பது போலத் தொங்கியது. என் சட்டையில் வேர்வை ஏறியது அன்றுதான் முதல் தடவை. அதுவும் என்னுடையது இல்லை.

கோட்டோரம் போய் நின்றேன். நடுவர் என் எண்ணைப் பார்த்தார், விசில் ஊதினார். பஞ்சாப்காரர் வெளியே வந்து என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். ஸ்கோர் எழுதுகிறவர் குனிந்து எழுதினார். அந்தக் குனிந்த தலையை நான் பார்த்தேன். அவ்வளவுதான், நான் நிரந்தரம். வசந்தா நிரந்தரம். பந்து கையில் வரும்போது என் உடம்பிலிருந்து இரண்டு வருடக் கனம் இறங்கிவிட்டது.

அந்த நிம்மதிதான் தப்பு. சர்வீஸ் போடுகிறவனுக்குக் கொஞ்சமாவது கவலை இருக்க வேண்டும். அடித்தேன். கூரைக்கு அடியில் காற்று ஏது? பந்து தள்ளாடவில்லை, ஆடவில்லை, நேராக, ஒழுக்கமாக, தபால்காரர் மாதிரி போய் வலையின் நடுவில் விழுந்தது.

பதிமூன்று பதினான்கு. எதிரணிக்கு ஒரு புள்ளி போதும்.

அரங்கே அலறியது. மேடையைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பஞ்சாப்காரர் மறுபடி உள்ளே போனார், நான் பெஞ்சுக்கு வந்தேன். மேஜர் சார் என்னைப் பார்க்கவில்லை. துண்டு கையில் இல்லாததால் சட்டை நுனியை மடித்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. இந்த ஆட்டம் தோற்றால், இந்தியா வெளியேறியதற்கு அடையாளமாக உலகத்தில் ஒருவனுக்கு வேலை நிரந்தரமாகும். அந்த வேலைக்கு முப்பது வருடம் நான் போக வேண்டும். அந்தச் சம்பளத்தில் வசந்தா சோறு வடிக்க வேண்டும். அதுவரை நான் கும்பிட்டதெல்லாம் களத்துக்குள் போக. அன்று பெஞ்சில் உட்கார்ந்து கும்பிட்டது வேறு. வேலை வேண்டாம், ஸ்கோர் எழுதியவர் என் எண்ணை அடித்துவிடட்டும், இந்தப் பந்து மட்டும் எங்களுக்கு விழட்டும் என்று கும்பிட்டேன். மனதாரத்தான் கும்பிட்டேன். கேட்கிறவர்கள் நம்புவதில்லை.

எதிரணி சர்வீஸ் போட்டது. எங்கள் ஆட்கள் தட்டுத் தடுமாறி எடுத்தார்கள். பந்து அந்தோணிக்கு உயர்ந்தது. அவன் எகிறியபோது எதிரே மூன்று பேர் கையைத் தூக்கி நின்றார்கள். அந்த ஆறு கைக்கும் மேலே இருந்து அவன் அடித்தான். பதினான்கு பதினான்கு. அடுத்த பந்தை அவனே தடுத்தான். அதற்கடுத்ததை எதிரணிக்காரர் ஒருவர் வெளியே அடித்துவிட்டு, அடித்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் களத்துக்குள் ஓடினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மேஜர் சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விசிலை எடுத்து வாயில் வைத்தார், இடது ஓரத்தில். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, அதை ஊதினார்.

சட்டையைத் திருப்பிக் கொடுக்க நானே மேடைக்குப் போனேன். தோற்ற நாட்டின் சங்கத் தலைவர் அவர். என் கையைப் பிடித்துக் குலுக்கி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். வேதாசலம் சார் மொழிபெயர்த்தார்: உங்கள் சர்வீஸுக்கு எங்கள் நாடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்கிறாராம். அடுத்த சுற்றில் இரண்டு ஆட்டம் தோற்று ஊர் திரும்பினோம். அது வழக்கம்தான்.

தொழிற்சாலையில் நான் ஆடியதை ஒப்புக்கொண்டார்கள். எப்படி ஆடினேன் என்று விதியில் கேள்வி இல்லை. ஆனால் வசந்தாவின் அப்பாவிடம் அந்தக் கேள்வி இருந்தது. ஃபிட்டர் அல்லவா, ஒரு பொருள் பொருந்துகிறது என்று அடுத்தவர் சொன்னால் நம்ப மாட்டார், திருகிப் பார்ப்பார். என்னிடம் கேட்காமல், அதே டீக்கடையில் அந்தோணியைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"உண்மைய சொல்லு நைனா. இவன் அங்க போயி இன்னா கியிச்சான்?"

அந்தோணி டீயை ஆற்றிக் குடித்தான். அவசரப்படவில்லை. பாட்டுக் குழுவில் வளர்ந்தவன், பொய் சொல்ல மாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

"தோ பாருங்க. பதிமூணு பதிமூணு கீது. நாங்க எல்லாம் ஜெயிச்சுட்டாப்ல மெதப்பா நின்னுகினு கீறோம். இவன் உள்ள வந்து ஒரு சர்வீஸ் போட்டான், நேரா வலையில. எங்க உசுரே பூடுச்சு. அந்த பயத்துலதான் நான் எகிறினேன். என் ஆயுசுக்கும் அப்டி எகிறுனது கெடையாது. இவன் வராங்காட்டி நாங்க தோத்திருப்போம்."

அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். அந்தோணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதையோ மனதுக்குள் திருகித் திருகிப் பார்ப்பவர் போல இருந்தார். நான் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"வலையில அடிச்சதாலயா ஜெயிச்சீங்க?" என்றார்.

"ஆமா."

"அதையும் எங்கிட்ட மறைக்காம சொல்றீங்க?"

"ஆமா."

"செரி" என்று எழுந்து, கடைக்காரரிடம் மூன்று டீக்கும் அவரே சில்லறை கொடுத்தார். "தை மாசம் கோயில் மண்டபம் கெடைக்கறது கஷ்டம். நாளைக்கே போயி கேட்டு வெச்சிரு, மாப்ளே."